‘உண்மை கண்டறியும் சோதனை’: மதுரை கோர்ட் வாசலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மதுரையில் கிரிமினல் வழக்குகள் பார்க்கிற வக்கீல். மாவட்ட நீதிமன்றத்துக்கும், ஒத்தக்கடை பக்கம் யானைமலையைப் பார்த்தபடி இருக்கும் ஹைகோர்ட் கிளைக்குமாக அலைகிற பிழைப்பு. போன வருடம் என் அக்கா மகன் வேலை பார்த்த நகைக்கடையில் நாலு பவுன் செயின் ஒன்று ஸ்டாக்கில் குறைந்தது. முதலாளி, வேலையாட்கள் பதினாறு பேரையும் வரிசையாக நிறுத்தி, “எல்லாரும் பொய் கண்டுபிடிக்கிற மெஷின்ல உட்காரணும். மாட்டேன்னு சொல்றவன்தான் எடுத்தவன்” என்றாராம். பையன் எனக்குப் போன் போட்டு, “மாமா, நான் எடுக்கல. உட்கார்ந்துட்டு வந்துரட்டுமா?” என்றான்.

அவனுக்குச் சொன்ன பதில், அப்புறம் கட்சிக்காரர்களுக்கும் டீக்கடையில் கேட்டவர்களுக்கும் சொல்லிச் சொல்லி நீண்டுபோனது. அதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

இந்த மெஷின் பொய்யைக் கண்டுபிடிக்குமா?

கண்டுபிடிக்காது. பொய் சொன்னால் மட்டும் உடம்பில் வருகிற அடையாளம் என்று ஒன்று கிடையாது. இருந்தால்தானே கருவி அதைப் பிடிக்கும்? மார்பிலும் வயிற்றிலும் கட்டுகிற பட்டைகள் மூச்சின் ஏற்ற இறக்கத்தைப் பதியும். டாக்டர் பி.பி. பார்க்கக் கட்டுவது போன்ற பட்டை ஒன்று புஜத்தில் இருக்கும். ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் அதில் தெரியும். விரல்களில் மாட்டும் சிறு தகடுகள், வியர்வை சுரக்கும்போது தோலில் மின்சாரம் பாய்வது மாறுவதைக் காட்டும். பாலிகிராஃப் என்பது அவ்வளவுதான். அந்தக் காலத்தில் பேனா முள் காகிதத்தில் கோடு இழுத்தது. இப்போது கம்ப்யூட்டர் திரையில் ஓடுகிறது.

அந்தக் கோடு பயத்தாலும் துள்ளும், கோபத்தாலும் துள்ளும், அவமானத்தாலும் துள்ளும். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பைக்கை நிறுத்தினாலே உள்ளங்கை வேர்க்கிற ஆட்களை எனக்குத் தெரியும்; சிவப்பு சிக்னலைக்கூடத் தாண்டாதவர்கள் அவர்கள். நம் பத்திரிகைகள் இதற்கு ‘உண்மை கண்டறியும் சோதனை’ என்று பெயர் வைத்துவிட்டன. ‘வியர்வை அளக்கும் சோதனை’ என்று எழுதியிருந்தால் பாதிப் பேருக்கு இதன்மேல் பயமே வந்திருக்காது.

அப்படியானால் எதை வைத்துப் பொய் என்று முடிவு செய்கிறார்கள்?

அறைக்குள் போனதும் மெஷினை மாட்டிவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். முதலில் நீண்ட பேச்சு. ஒரு மணி நேரத்தையும் தாண்டும். கேட்கப்போகும் கேள்விகளை முன்னாடியே சொல்லிவிடுவார்கள். ஆமாம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் வருகிற கேள்விகள். அதே கேள்விகளைத் திரும்பத் திரும்பச் சில சுற்றுகள் கேட்பார்கள்.

“உங்கள் பெயர் இதுதானே?” என்பது சும்மா கேட்பது. “அந்தச் செயினை எடுத்தது நீங்களா?” என்பது விஷயக் கேள்வி. சூட்சுமம் மூன்றாவது ரகத்தில் இருக்கிறது: “உங்களை நம்பிய ஒருவரை எப்போதாவது ஏமாற்றியதுண்டா?” ஒரு தடவைகூட ஏமாற்றாதவர் யார்? ஆனாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ‘ஆமாம்’ என்று சொல்லக் கூசி ‘இல்லை’ என்போம். அப்போது வருகிற பதற்றத்தை அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். செயின் கேள்விக்கு அதைவிடப் பெரிய பதற்றம் வந்தால் பொய். சிறியதாக இருந்தால் உண்மை. எடுத்தவனை உலுக்குவது செயின் கேள்வி, எடுக்காதவனை உலுக்குவது பழைய பாவம் பற்றிய கேள்வி என்பது அவர்கள் கணக்கு.

இந்தக் கணக்குதான் எனக்கு இடிக்கிறது. வேலையும் பெயரும் போகப்போவது செயின் கேள்வியில் என்று எடுக்காதவனுக்குத் தெரியாதா? அவன் ஏன் என்றைக்கோ செய்த சின்னப் பாவத்துக்கு அதைவிட அதிகமாகப் பயப்பட வேண்டும்? மனைவியைப் பறிகொடுத்துப் பதினாறாம் நாள் காரியம்கூட முடியாத ஒருவரிடம் “நீதான் கொன்றாயா?” என்று கேட்டால் நெஞ்சு எப்படி அடிக்கும்? அந்த அடிப்பில் துக்கம் எவ்வளவு, பயம் எவ்வளவு, குற்றம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் கோடு திரையில் இல்லை. பிரிப்பவர் எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதர். அவரும் வழக்குக் கதையைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வந்திருப்பார்.

எத்தனை சதவீதம் சரியாக இருக்கும்?

தொழிலில் இருப்பவர்கள் தொண்ணூறை ஒட்டிச் சொல்வார்கள். அந்த எண் எப்படி வருகிறது என்று பாருங்கள். ஒருவர் ‘பொய்’ என்று முடிவாகிறது. உடனே விசாரணை இறுகுகிறது, அவர் ஒப்புக்கொள்கிறார். மெஷின் சொன்னது சரி என்று கணக்கில் ஒரு மதிப்பெண். இன்னொரு குற்றவாளி அதே மெஷினில் ‘உண்மை’ என்று தேறிவிடுகிறார். அவரை யாரும் மறுபடி விசாரிப்பதில்லை, அவரும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. அந்தத் தவறு எந்தக் கணக்கிலும் ஏறாது. தப்பான விடைத்தாள்களை எல்லாம் எடுத்து ஒளித்துவிட்டு மதிப்பெண் கூட்டினால் எந்தப் பையனும் மாநிலத்தில் முதலிடம்தான்.

2003-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாடமியின் ஆய்வுக் குழு, அதுவரை வந்த ஆராய்ச்சிகளை எல்லாம் அலசி ஒரு அறிக்கை கொடுத்தது. குறிப்பிட்ட ஒரு சம்பவத்தைப் பற்றிக் கேட்கும்போது, ஏமாற்றும் பயிற்சி இல்லாதவர்களிடம், இது குருட்டாம்போக்கில் சொல்வதைவிட நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் பிழையே இல்லாத நிலைக்கு வெகு கீழே இருக்கிறது என்றது. கூட்டத்தில் யார் திருடன் என்று சலித்தெடுக்க இது உதவாது என்பதையும் அழுத்திச் சொன்னது.

ஏன் உதவாது என்பதை அக்கா மகனுக்கு விரல்விட்டு எண்ணிக் காட்டினேன். மெஷின் நூற்றுக்கு எண்பத்தைந்து தடவை சரியாகச் சொல்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கடையில் பதினாறு பேர், எடுத்தவன் ஒருவன். அவன் அநேகமாக மாட்டுவான். மீதிப் பதினைந்து பேரும் எடுக்காதவர்கள். அவர்களில் நூற்றுக்குப் பதினைந்து என்றால் இரண்டு பேர் சொச்சம். ஆக, ‘பொய்’ என்று வருகிற மூன்று பேரில் இரண்டு பேர் நிரபராதி. எண்பத்தைந்து சதவீதம் என்பதைக் கேட்டபோது இப்படி ஆகும் என்று தோன்றியதா? அந்த அறிக்கையும் இதே மாதிரி ஒரு கணக்கைப் போட்டுக் காட்டியது. பத்தாயிரம் ஊழியர்களில் பத்து பேர் ஒற்றர்கள் என்றால், அவர்களில் எட்டுப் பேரைப் பிடிக்கும் அளவுக்குச் சோதனையை இறுக்கும்போது, குற்றமற்ற சுமார் 1,600 பேரும் சேர்ந்து மாட்டுவார்கள்.

பெரிய குற்றவாளிகள் இதில் தேறியிருக்கிறார்களா?

நன்றாகவே. அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ.வில் இருந்துகொண்டே சோவியத்துக்கு ரகசியங்களை விற்ற ஆல்ட்ரிச் ஏம்ஸ், 1986-லும் 1991-லும் பாலிகிராஃபில் உட்கார்ந்து தேறினார். 1994-ல்தான் பிடிபட்டார். ராத்திரி நன்றாகத் தூங்கிவிட்டுப் போ, சோதிப்பவரிடம் இணக்கமாகப் பழகு என்பதுதான் அவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிடைத்த யோசனை! கேரி ரிட்ஜ்வே என்ற தொடர் கொலைகாரர் 1984-ல் தேறிவிட்டு வெளியே போனார். 2001-ல் டி.என்.ஏ. அவரைப் பிடித்தது. அவர்மேல் நிரூபணமான கொலைகள் 49.

எனக்கு இவர்களைவிட, மாட்டிக்கொண்ட நிரபராதிகளைப் பற்றித்தான் கவலை. 1978-ல் ஒஹையோ மாகாணத்தில் ஃபே என்பவர் மேல் கொலைப் பழி விழுந்தது. தேறினால் வழக்கை விட்டுவிடுகிறோம், தேறாவிட்டால் முடிவைக் கோர்ட்டில் சாட்சியாக வைப்போம் என்ற பேரத்துக்கு, தான் செய்யவில்லை என்ற தைரியத்தில் அவர் சம்மதித்தார். தேறவில்லை, தண்டனை கிடைத்தது. உண்மையான கொலையாளிகள் யாரென்று தெரிந்து 1980-ல் வெளியே வந்தார். என் கட்சிக்காரர் யாராவது “மடியில் கனமில்லை சார், வழியில் என்ன பயம்” என்று ஆரம்பித்தால், இந்த ஃபேயின் கதையைத்தான் எடுத்துவிடுவேன்.

இதைக் கண்டுபிடித்தது யார்?

கலிபோர்னியாவின் பெர்க்லி நகரப் போலீசில் இருந்த ஜான் லார்சன் 1921-ல் இதைச் செய்தார். அதற்குச் சில வருடம் முன்பே ரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யைப் பிடிக்கலாம் என்று சொன்னவர் வில்லியம் மார்ஸ்டன். ‘வொண்டர் வுமன்’ என்ற படக்கதை நாயகியை உருவாக்கியவரும் அவரேதான். அவள் கயிற்றில் கட்டினால் எவனும் உண்மையைக் கக்கிவிடுவான். அவருடைய ரத்த அழுத்தச் சோதனையை வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1923-லேயே சாட்சியமாக ஏற்க மறுத்துவிட்டது.

அழகர்கோயில் கருப்பு முன்னால் சத்தியம் செய்வதும் இதுவும் ஒன்றுதானா?

ஒரு மேலூர்க்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார். நான் சிரிக்கவில்லை, இந்த விஷயத்தில் எனக்கு வந்த நல்ல கேள்வி இது.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. மதுரைக்கு வடக்கே, அழகர்மலை அடிவாரத்தில் கள்ளழகர் கோயில் வாசலைக் காப்பவர் பதினெட்டாம்படி கருப்பு. உருவம் கிடையாது, சாத்திய கதவுகள்தான் சாமி, அதற்குத்தான் சந்தனம். கொடுக்கல் வாங்கல், வரப்புத் தகராறு, களவு என்று எதுவானாலும் “கருப்பு முன்னால வந்து சொல்லு பார்ப்போம்” என்றால் இந்தப் பக்கத்தில் பேச்சு அடங்கிவிடும். ஒரு தரப்பு இன்ன விதமாகச் சத்தியம் செய்தால் அதற்கு நான் கட்டுப்படுகிறேன் என்று எதிர்த்தரப்பு ஒப்புக்கொள்வதற்கு 1873-ஆம் வருடப் பிரமாணச் சட்டத்திலேயே இடம் இருந்தது. 1969-ல் வந்த புதுச் சட்டம் அதை எடுத்துவிட்டது.

நான் கேள்விப்பட்ட வரையில், கருப்பு முன்னால் வழக்கு தீர்கிற விதம் வேறு. தேதி குறித்தபின் முந்தின நாள் ராத்திரி யாராவது ஒருவர் ஆள் அனுப்பி “பேசி முடிச்சுக்கலாம்” என்பார். படிக்கட்டு வரைக்கும் போகவே தேவையிருக்காது. பாலிகிராஃபும் பாதி இதே வழியில்தான் சாதிக்கிறது. மெஷினுக்கு எல்லாம் தெரிந்துவிடும் என்று நம்புகிறவன், பட்டை கட்டும் முன்பே வாயைத் திறந்துவிடுகிறான். அந்த நம்பிக்கையை வளர்க்கச் சோதனையின் தொடக்கத்தில் ஒரு சின்ன வித்தைகூட உண்டு. மனதில் ஒரு எண்ணை நினைக்கச் சொல்லி, எல்லா எண்ணுக்கும் ‘இல்லை’ என்று பதில் சொல்லச் சொல்லி, அப்புறம் “நீங்கள் நினைத்தது ஏழு” என்று எடுத்துக்காட்டுவார்கள். களவு போனால் வெற்றிலையில் மை போட்டுப் பார்க்கிறவர்களும் முதலில் வீட்டு வாசல் எந்தத் திசை என்று சொல்லித்தானே அசத்துவார்கள்?

வித்தியாசம் ஒன்று இருக்கிறது. கருப்பு முன்னால் தைரியமாகச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டவனை ஊர் விட்டுவிடும். மெஷின் முன்னால் நீங்கள் எவ்வளவு தைரியமாக ‘இல்லை’ என்றாலும், அந்த ‘இல்லை’யைப் படித்து அர்த்தம் சொல்ல இன்னொருவர் இருக்கிறார்.

போலீசில் அடி வாங்குவதைவிட இது மேல் இல்லையா?

இந்தக் கேள்வியைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. 2025 ஜூனில், மதுரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் மடப்புரம் கோயிலில் காவலாளியாக இருந்த இளைஞர், காரில் வைத்த நகையைக் காணோம் என்ற புகாரில் போலீஸ் விசாரணையில் அடிபட்டு இறந்தார். ஹைகோர்ட் மதுரைக் கிளை வரை வந்து, சி.பி.ஐ.க்குப் போன வழக்கு. அதைப் படித்தவர்கள் “பேசாமல் மெஷினில் உட்கார வைத்திருக்கலாமே” என்று கேட்டதில் நியாயமான வேதனை இருக்கிறது.

இதே வாதம் சுப்ரீம் கோர்ட்டிலும் வைக்கப்பட்டது. அடிப்பதற்கு இது மென்மையான மாற்று என்றார்கள். ஒரு தப்புக்குப் பதில் இன்னொரு தப்பைக் கொண்டுவருவது நியாயமாகாது என்று கோர்ட் ஏற்கவில்லை. அனுபவத்தில் நான் சேர்த்துச் சொல்வது: அடிக்கிற ஸ்டேஷனில் மெஷின் வந்தால் அடி நிற்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. ‘பொய்’ என்று முடிவு வந்தபின் கை ஓங்குவதற்கு இன்னொரு சாக்குதான் கிடைக்கும்.

என் சம்மதம் இல்லாமல் சோதனை செய்ய முடியுமா?

முடியாது. 2010 மே 5-ஆம் தேதி, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் உள்ளிட்ட மூன்று நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பாலிகிராஃப், நார்கோ (மருந்து ஏற்றிப் பேசவைப்பது), பிரெயின் மேப்பிங் (மூளை அலைகளைப் பார்ப்பது) மூன்றையும் கட்டாயப்படுத்திச் செய்வது அரசியல் சட்டத்தின் 20(3), 21 பிரிவுகளுக்கு விரோதம். தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்ல எந்தக் குற்றம் சாட்டப்பட்டவரையும் வற்புறுத்தக் கூடாது என்பதுதான் 20(3).

சம்மதம் என்றால் ஸ்டேஷனில் வெற்றுத்தாளில் வாங்குகிற கையெழுத்து ஆகாது. மாஜிஸ்திரேட் முன்னால் பதிய வேண்டும். வக்கீல் கூட இருக்க வேண்டும். சோதனை உங்கள் உடம்பையும் மனதையும் சட்டத்தையும் பொறுத்தவரை என்ன விளைவு தரும் என்பதைப் போலீசும் வக்கீலும் விளக்க வேண்டும். நீங்கள் சொல்வது மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் ஆகாது, போலீசிடம் சொன்னது மாதிரிதான் என்பதையும் சொல்ல வேண்டும். பதிவை வக்கீல் முன்னிலையில் சுதந்திரமான ஓர் அமைப்பு செய்ய வேண்டும். 2000-லேயே தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நெறிமுறைகள் இவை. இவற்றைக் கண்டிப்பாகப் பின்பற்றச் சொன்னது சுப்ரீம் கோர்ட்.

முடிவு கோர்ட்டில் செல்லுமா?

முடிவை மட்டும் தனியாகச் சாட்சியமாக வைக்க முடியாது, சம்மதித்துச் செய்திருந்தாலும். ஆனால் ஒரு ஓட்டை உண்டு, கவனியுங்கள். சம்மதித்து உட்கார்ந்த சோதனையில் நீங்கள் சொன்னதைக் கொண்டு போலீஸ் ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அந்தக் கண்டெடுப்பைச் சாட்சியமாக வைக்க வழி இருக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு; 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதுச் சட்டத்தில் 23-ஆம் பிரிவுக்குள் வருகிறது.

2012-ல் திருச்சியில் நடந்த ராமஜெயம் கொலை வழக்கில், 2023 ஜனவரியில் பலருக்குச் சென்னையில் இந்தச் சோதனை நடந்தபோது ஊரே அடுத்த நாள் கொலையாளி பெயர் வந்துவிடும் என்று காத்திருந்தது. சோதனை முடிந்த கையோடு வழக்கு முடிந்துவிடவில்லை.

நான் நிரபராதி. நானே கேட்டு வாங்கி உட்காரலாமா?

கேட்கலாம். ஆனால் அது உங்கள் உரிமை என்று பிடிவாதம் பிடிக்க முடியாது. 2025 ஜூனில் பீகாரிலிருந்து போன ஒரு வழக்கில், நார்கோ சோதனையைப் பற்றி சுப்ரீம் கோர்ட் இதைச் சொன்னது: தகுந்த கட்டத்தில், தானாக முன்வந்து கேட்கலாம், கேட்டவுடன் கிடைத்தே தீர வேண்டிய உரிமை இல்லை, கோர்ட் எல்லாவற்றையும் பார்த்து முடிவு செய்யும்.

லாப நஷ்டம் பாருங்கள். ‘உண்மை’ என்று வந்தால் வழக்கு தானாகக் கீழே விழாது. ‘பொய்’ என்று வந்தால் கோர்ட்டில் செல்லாது, ஆனால் மறுநாள் டீக்கடைப் பேப்பரில் செல்லும். விசாரணை அதிகாரி மற்றவர்களைத் தேடுவதை நிறுத்துவார். வேறு நல்ல சாட்சியம் இருக்கும் கட்சிக்காரரை நான் இதற்கு அனுப்ப மாட்டேன்.

நார்கோ, பிரெயின் மேப்பிங்?

நார்கோ என்றால் பென்டதால் போன்ற மருந்தை ஏற்றி அரை மயக்கத்தில் பேசவைப்பது. குடித்தவன் பேச்சில் எவ்வளவு உண்மையோ அதில் அவ்வளவு உண்மை. பிரெயின் மேப்பிங், தலையில் மின்வாய்களை ஒட்டி மூளை அலைகளைப் பார்ப்பது.

உருப்படியாக ஒரு முறையும் இல்லையா?

ஒன்று இருக்கிறது, எனக்கே அதன்மேல் கொஞ்சம் மரியாதை உண்டு. மெஷின் அதேதான், கேள்விதான் வேறு. “எடுத்தாயா?” என்று கேட்பதில்லை. “காணாமல் போனது அட்டிகையா, வளையலா, ஒட்டியாணமா, செயினா, மோதிரமா?” என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போவார்கள். விவரம் தெரியாதவனுக்கு ஐந்தும் ஒன்றுதான். எடுத்தவன் உடம்பு மட்டும் சரியான பெயரில் அசையும். ஒரு கேள்வியில் தற்செயலாக மாட்டலாம். எட்டுப் பத்துக் கேள்வியிலும் தற்செயலாக மாட்டுவது கஷ்டம். 1959-ல் டேவிட் லிக்கன் என்ற உளவியலாளர் இதை முன்வைத்தார். ஜப்பான் போலீஸ் இதைத்தான் பெருமளவில் பயன்படுத்துகிறது.

நம் ஊரில் இதற்கு முதல் எதிரி நம் வாய். களவு நடந்த மறுநாள் என்ன போனது, எந்தப் பீரோ, எத்தனை பவுன் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். அப்புறம் யாரிடம் என்ன ரகசியம் மிச்சம்?

பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன். சோதனை மாறுமா?

மாறக்கூடும். சில பி.பி., இதய மாத்திரைகள் நாடித்துடிப்பையே அடக்குபவை. சோதனைக்காக மாத்திரையை நிறுத்த வேண்டாம்; என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதைச் சோதனைக்கு முன்னாலேயே பதிவில் ஏற்றச் சொல்லுங்கள்.

செல்போனில் பொய் கண்டுபிடிக்கும் ஆப் இருக்கிறதே, வீட்டுக்காரரைச் சோதிக்கலாமா?

அது விளையாட்டுச் சாமான். வீட்டுக்காரர் பொய் சொல்வதைக் கண்டுபிடிக்க நம் வீடுகளில் ஆப் தேவைப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

முதலாளி கட்டாயப்படுத்தினால் என்ன செய்வது?

அமெரிக்காவில் 1988-லேயே சட்டம் போட்டு, பெரும்பாலான தனியார் முதலாளிகள் ஊழியர்களைப் பாலிகிராஃபில் உட்காரவைப்பதைத் தடுத்துவிட்டார்கள். இங்கே அதற்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆனால் மறுப்பதே குற்றத்துக்கு அத்தாட்சி என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மறுப்பை வாயால் சொல்லி முறைத்துக்கொள்ளாமல் எழுத்தில் கொடுங்கள். அக்கா மகனை நான் அனுப்பச் சொன்ன வாட்ஸ்அப் செய்தி இவ்வளவுதான்: “ஐயா, போலீசில் புகார் கொடுங்கள், நான் முழுசாக ஒத்துழைக்கிறேன். கேமரா பதிவையும் ஸ்டாக் நோட்டையும் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மெஷின் சோதனைக்குச் சம்மதமில்லை.” அனுப்புவதற்குள் அவன் கை நடுங்கியது. அந்த நேரத்தில் விரலில் தகடு மாட்டியிருந்தால் கோடு திரையைத் தாண்டிப் போயிருக்கும்.

மெஷின் கடைசிவரை வரவே இல்லை. செயினும் இன்றுவரை கிடைக்கவில்லை. இரண்டு மாதம் கடையில் அவனோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். கணக்கை முடித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டான். சில சமயம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவனாகவே கேட்பான், “உட்கார்ந்து பாஸாகியிருந்தா நல்லாயிருந்திருக்குமோ மாமா?” நான் மறுபடியும் பதினாறு பேர் கணக்கை ஆரம்பிப்பேன். அக்கா, “முதல்ல சாப்பிட விடுங்கடா” என்பாள்.